ஆள்

மூன்றாம் நாள். நிதிக்குழு.
ஏசிக் குளிருக்கு எல்லோரும் கோட்டு மாட்டியிருக்கிறோம்,
வெளியே ஜார்ஜ் டவுனில் தார் உருகுகிறது.
பக்கம் இருநூற்றுப் பதினான்கு, என்கிறார் தலைவர்.
காகிதங்கள் ஒரே நேரத்தில் புரள்கின்றன,
அலை கூழாங்கற்களை இழுத்துக்கொண்டு
பின்வாங்கும் சத்தம்.

காவல்துறை.
ரோந்து மணிநேரம்: எண்பதாயிரம் முதல் தொண்ணூறாயிரம் வரை.
எங்கள் பட்ஜெட்டில் எல்லாமே இப்படித்தான், முதல், வரை.
நடுவில் ஒரு பத்தாயிரம் மணிநேரம்
எந்தத் தெருவிலும் நீல விளக்கு சுழலாமல் போகலாம்,
இலக்கு எட்டப்பட்டது என்றே எழுதலாம்.
கிழக்கு முனைக்கு இரவில் எத்தனை கார், என்று கேட்டேன்.
ஒன்று, என்றார் ஆணையர்.
அதை ஓட்டுவதற்கு?
அவர் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.
பின்வரிசை தன் ஷூவைப் பார்த்தது.

சிறை.
அனுமதித்த பணியிடம் நூற்று அறுபத்திரண்டு,
நிரம்பியது நூற்று இருபத்தொன்பது.
மிச்சம் முப்பத்துமூன்று பேருக்குப்
பதவிப் பெயர் உண்டு, சம்பள விகிதம் உண்டு,
பூட்ஸுக்குக்கூட ஒதுக்கீடு உண்டு,
ஆள்தான் இல்லை.
பேய்க்கும் பென்ஷன் கொடுப்பீர்களா,
என்றார் எதிர்வரிசைக்காரர்.
சிரித்தோம். நானும்தான்.

பிறகு போதை மறுவாழ்வு.
அதற்கு அரைப் பக்கம்.
இயக்குநர் திருமதி யூலாலி ஸ்காட்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
எதையும் பார்க்காமல் சொன்னார்:
ஆலோசகர் எட்டுப் பேர் வேண்டும், ஐந்து பேர் இருக்கிறோம்,
அதில் ஒருத்தி வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள்,
திரும்பமாட்டாள்.
முதல் சந்திப்புக்குக் காத்திருப்பு பதினொரு வாரம்.

பதினொரு வாரம்.
என் தம்பி லிண்டன் ஏழாவது வாரம்
வீட்டு ஜெனரேட்டரை விற்றான், புயல் மாதத்தில்.
ஒன்பதாவது வாரம் ஒரு படகின் எஞ்சினை.
படகுக்காரர் எனக்கு ஓட்டுப் போட்டவர்.
பத்தாவது வாரம் அவனை அழைத்துப் போகக்
கிழக்கு முனையின் அந்த ஒரே கார் வந்தது,
அன்றைக்கு ஓட்ட ஆள் இருந்தது.
பதினொன்றாவது வாரம் கடிதம்:
செவ்வாய் காலை ஒன்பதரை,
அடையாள அட்டை கொண்டுவரவும்.

இதில் ஒரு சொல்லையும் நான் அங்கே சொல்லவில்லை.
மைக்கின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.
காத்திருக்கும் நாட்களில் அவர்கள் என்ன ஆகிறார்கள்,
கணக்கு வைத்திருக்கிறீர்களா, என்று மட்டும் கேட்டேன்.
கணக்கு எடுக்க ஓர் ஆள் வேண்டும், மாண்புமிகு உறுப்பினரே,
அந்த இடமும் காலி.
கேள்வி இந்தத் தலைப்புக்குள் வராது,
என்றார் தலைவர், வருத்தமாகவே.

இந்த அவையில் மட்டும் ஒரு நாற்காலியும் காலியில்லை.
ஆள்வதற்கு
ஆள் பஞ்சம் வந்ததே கிடையாது.

ஆம் என்போர்?
ஆம், என்றேன்.
இல்லை என்றால் அந்த அரைப் பக்கமும் போய்விடும்.
சொல்லி முடித்த வாயை மூடக்
கொஞ்ச நேரம் பிடித்தது.

இடைவேளையில் வாகன நிறுத்தத்துக்குப் போனேன்.
பாதாம் மரத்தடியில்
சிறை இயக்குநரை ஓட்டி வந்த நெவில் பிளேக்,
ஜமைக்காக்காரர், காவலர்,
காரின் மூடிமேல் டப்பாவைத் திறந்து
கோழியும் சோறும் தின்றுகொண்டிருந்தார்.
இரண்டு ஷிப்ட் சேர்ந்தாற்போல் பார்த்த கண்.
என்னைக் கண்டதும் வாயைத் துடைத்தார்.
ராத்திரி சி பிளாக் நான்தான் மேடம்,
நான் ஒருத்தன்தான்.
அப்புறம் முள்கரண்டியைப் பார்த்துக்கொண்டே,
யார் என்று பெயர் சொல்லாமல்,
இப்ப சாப்பிடுறான், என்றார்.

எவ்வளவு என்று கேட்க வாய் வந்தது.
எத்தனை கவளம் முதல்
எத்தனை கவளம் வரை.

உள்ளே மணி அடித்தது.
அடுத்தது சாலைகள்.